டிவிக்குக் கட்டிய பேண்டேஜ் துணி

அன்று வீட்டில் இருந்தது நாலு பேர்: நான், என் வீட்டுக்காரி, என் தம்பி, எதிர்வீட்டு அக்கா. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் படம் ஓடிக்கொண்டிருந்தது. கருப்பு வெள்ளை டிவி, வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. விளம்பரம் வந்த நேரத்தில் அக்கா சொன்னார்: "இந்த நீல வெளிச்சம் இருக்கே, கண்ணை அரிச்சுருமாம்ல."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் படம் பார்த்தார். எனக்குப் படம் அதோடு முடிந்தது.

தம்பிக்கு ரெண்டு மாதத்தில் போலீஸ் செலக்சன். ஓட்டம், கயிறு ஏறுவதெல்லாம் அவனுக்குத் தூசி. கண் பரிசோதனையில் தட்டினால் போச்சு. டிவியை வாங்கி வைத்தவன் நான்.

நான் ஏழாவதோடு நின்றவன், இதையெல்லாம் யாரிடம் போய்க் கேட்பது? ராஜபாளையத்தில் தறியில் பேண்டேஜ் துணி ஓட்டிக்கொண்டிருந்தேன். வேலை விட்டு இருட்டுகிற நேரம் தெருவில் வந்தால், டிவி உள்ள வீட்டு ஜன்னலெல்லாம் நீலமாகத் துடிக்கும். எங்கள் ஜன்னலும்தான். உள்ளே போய் உட்கார்ந்தால் நீலத்தைக் காணோம், படம் வெள்ளையாகத்தான் இருக்கும். அப்ப அம்புட்டு நீலமும் எங்கே போகுது? கண்ணுக்குள்ளயா? வெளியே போய்ப் பார்ப்பேன், திரும்ப உள்ளே வந்து பார்ப்பேன்.

"ஒண்ணு உள்ள இருங்க, இல்ல வெளிய இருங்க. கொசு வருது" என்றாள் வீட்டுக்காரி.

முதலாளியிடம் கடன் சொல்லி ரெண்டு மீட்டர் துணி வாங்கி வந்து, மடித்து டிவி முகத்தில் கட்டினேன். புண்ணுக்குக் கட்டுகிற சல்லாத் துணி, வெளிச்சம் ஊடுருவும். தெருவில் நின்று பார்த்தால் ஜன்னலில் நீலம் நன்றாகக் குறைந்திருந்தது.

எதிர்வீட்டு அக்கா வந்து பார்த்தார். "டிவிக்கு எங்கயும் அடியா? கட்டுப் போட்டு வச்சிருக்கீங்க!"

"அடி டிவிக்கு இல்லக்கா, இவுகளுக்கு. தலையில" என்றாள் வீட்டுக்காரி.

தம்பி பாயை முன்னால் நகர்த்தினான். கிரிக்கெட் ஸ்கோர் தெரியாமல் கண்ணை இடுக்கினான். ஒரு வாரத்தில் கண்ணில் தண்ணீர், தலைவலி. நீலம் இன்னும் கசிகிறது என்று முடிவு கட்டி, மேலும் ரெண்டு மீட்டர் வாங்கினேன். நாலு மடிப்பு ஆனது. அவன் டிவிக்கு ஒரு முழத்தில் வந்துவிட்டான்.

செலக்சனுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பயம் தாங்காமல் அவனை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப் போனேன். சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையை மேலிருந்து கீழ்வரை தட்டாமல் வாசித்தான். எனக்கு மூச்சு வந்தது. துணி விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரர் பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டு, மறுபடி சொல்லச் சொன்னார்.

"மொதல்ல அந்தத் துணியை அவுங்க. தள்ளி உக்காந்து பாக்கட்டும். ரூமை இருட்டாக்காம ஒரு பல்பு எரிய விடுங்க."

"அப்ப அந்த நீலம்?"

"அது எனக்குத் தெரியாது அண்ணாச்சி. நான் கண்ணாடிதான் விக்கேன்."

அன்றைக்குத் துணியை அவிழ்த்துவிட்டு, மஞ்சள் பல்பைப் போட்டுத் தெருவில் போய் நின்று பார்த்தேன். ஜன்னல் மஞ்சளாக இருந்தது, நீலம் லேசாக அசைந்ததோடு சரி. ஒரு பல்புக்கே இப்படி அடங்குகிற நீலத்துக்கா இம்புட்டுப் பயந்தேன்? உள்ளே ஓடி வந்தேன். தம்பி சுவரோரம் சாய்ந்திருந்தான்.

"ஏலே, அங்கேருந்து தெரியுதா?"

"நீங்க விலகினா தெரியும்ணே."

செலக்சன் அன்று தம்பி கண் பரிசோதனையில் தேறினான். கட்டி அவிழ்த்த துணியை முதலாளி திரும்ப எடுக்கவில்லை. நாலு மீட்டருக்குப் பன்னிரண்டு ரூபாய். ஐந்து கொடுத்தேன். பாக்கி ஏழு ரூபாய்.