டார்ச் வெளிச்சத்தில் பதினொரு முட்டைகள்

கோபி டவுனுக்குப் பக்கத்தில் நான் குடியிருக்கும் தோட்டத்து வீட்டுக்கு, கரண்ட் ரீடிங் எடுக்க இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஓர் அம்மா வருவார். ஒல்லியான உடம்பு, கையில் ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம். இருட்டு மூலையிலிருக்கும் மீட்டரில் செல்போன் டார்ச்சை அடித்து, எண்ணைச் சத்தமாக இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் குறித்துக்கொள்வார்.

ஒருமுறை அவர் வந்தபோது, பதினொரு முட்டைகளைக் கூடையோடு வாழைக்குழியில் கொட்டப் போய்க்கொண்டிருந்தேன். என் கோழி எட்டு நாளாக அடைகாத்தவை. முந்தின நாள் பெரிய இடி. இடி முட்டையைக் கெடுக்காமலிருக்கக் கூடையில் இரும்புத்துண்டு போடுவது ஊர் வழக்கம்; நான் போட மறந்திருந்தேன். இடிச் சத்தத்தில் எல்லாம் கூமுட்டையாகியிருக்கும் என்று அக்கம்பக்கத்தில் அடித்துச் சொல்லிவிட்டார்கள்.

“ஏனுங்க, பார்க்காமயே கொட்டறீங்க?” என்றார் அந்த அம்மா.

கூடையை வாங்கி மீட்டர் மூலைக்கே கொண்டுபோய், டார்ச்சின் மேல் ஒரு முட்டையை வைத்தார். உள்ளே சிவப்பு நரம்புகள் கிளை விட்டிருந்தன. நடுவில் ஒரு புள்ளி அசைந்தது.

“உசுரு இருக்குதுங்க.”

எல்லாவற்றையும் பார்த்து இரண்டை மட்டும் ஒதுக்கினார். “மிச்சம் ஒம்போதும் பொரிக்குமுங்க. கோழிகிட்டயே வெச்சுப்போடுங்க.”

அடுத்த முறை வந்தவரை நான் மீட்டர் பக்கமே விடவில்லை. நேராகக் கத்தரிச் செடிகளிடம் அழைத்துப் போனேன். தாய்க்கோழியோடு குஞ்சுகள் மண்ணைக் கிளறி, என் பாத்தியை நாசம் செய்துகொண்டிருந்தன. அவர் விரல் நீட்டி எண்ணினார்.

“ஒம்போதுங்க” என்று சத்தமாகச் சொன்னார். இரண்டாவது தடவை நானும் சேர்ந்து சொன்னேன்.