முபாரிஸ் உட்கார்ந்த சஹன்

என் புருஷன் முபாரிஸ் வீடுகளில் அடைத்துக்கொண்ட கழிவுநீர்க் கான் குழாய்களைத் திறந்துவிடுகிறவர். யாராவது கேட்டால் 'கட்டட வேலை' என்று சொல்லு என்று என் சொந்தக்காரிகள் எத்தனையோ தரம் காதைக் கடித்தார்கள். ஏன் சொல்ல வேண்டும்? கரைத்தீவில் பாதி வீட்டுச் சமையல் குசினிகள் நாறாமல் இருப்பது அவரால்தான்.

குழாயைத் தொடுவதற்கு முன்னால், "என்ன சமைச்சீங்க, யாரு கழுவின?" என்று கேட்பது அவர் வழக்கம். கான் பார்க்க வந்தவருக்குக் கறிக்கதை எதற்கு என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எனக்குப் பொறுக்காதது வேறொன்று. எங்கள் விருந்துகளில் சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒன்றாகக் கைவைத்துச் சாப்பிடுவார்கள். இவர் போய் உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவரை யாரோ வேறு சஹனுக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். கடைசியில் தனித் தட்டில் சாப்பிட்டுவிட்டு வருவார். பிறகு விருந்துகளுக்குப் போவதையே விட்டுவிட்டார்.

போன மாதம், ஊரில் நான் அக்கா முறையில் கூப்பிடும் ஹவ்வா ராத்தா ஆளனுப்பினார். மகள் ஃபஸ்னாவுக்குக் கனமூலையில் மாப்பிள்ளை பேசி, அந்த வீட்டார் சாப்பாட்டுக்கு வர இருந்தார்கள். குசினிக் கானோ மறுபடியும் பொங்கி நின்றது. ஒவ்வொரு விருந்துக்குப் பிறகும் இதே கூத்துத்தான். கொத்து வேலை செய்யும் மேசன் பாஸ்மார் வந்து கம்பி விட்டுக் குத்துவார்கள், தண்ணீர் ஓடும், அடுத்த விருந்தில் திரும்பவும் நிற்கும். கடைசியாக வந்தவர், குழாய் தரைக்கடியில் உடைந்துவிட்டது, புது டைலை உடைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். விருந்துக்கு முந்தின நாள் முபாரிஸ் கானைப் பார்க்கப் போனபோது, சமையல் ஆயத்தத்துக்கு உதவ நானும் கூடப் போனேன்.

"குழாய் உடைஞ்சா எந்த நாளும் நிக்கணுமே, ராத்தா. விருந்துக்குப் பொறகு மட்டும் நிக்குதெண்டா விசயம் விருந்துலதான் இருக்கு. சஹன யாரு கழுவுற?" என்றார் இவர்.

"நான்தான். வேற ஆருட்டயும் விடமாட்டேன்."

"மிச்சச் சோறு?"

"குப்பையில கொட்டினா காலுல மிதிபடுமே, தம்பி. அல்லாஹ் தந்த ரிஸ்க், நம்மட உணவு. சுடுதண்ணி ஊத்திக் கானுக்குள்ள அனுப்பிடுவேன்."

யா அல்லாஹ்! எனக்குச் சிரிப்பு முட்டியது. இவர் சிரிக்கவில்லை. வெளிச்சுவர் ஓரமாகக் குழாய் வளைகிற இடத்தைக் கழற்றினார். நெய்யும் இறைச்சிக் கொழுப்பும் உறைந்து, சோற்றுப் பருக்கைகளோடு சவர்க்காரக் கட்டிபோல வந்து விழுந்தன.

"சுடுதண்ணியில நெய் உருகிப் போய் இதுல வந்து ஆறுது. கம்பி இதுக்குள்ள ஒரு ஓட்டை போடும், அவ்வளவுதான். நீங்க நினைச்சது நல்லதுதான், ராத்தா. சோத்த வாளியில எடுத்து வைங்க, கோழி தின்னட்டும். நெய்யத் தாளால துடைச்சிட்டுக் கழுவுங்க. டைலத் தொட வேணாம்."

"விருந்து அண்டைக்கும் தண்ணி நிண்டா?"

"நிண்டா நானே உடைச்சி, நானே பதிச்சித் தாறேன்."

விருந்தன்று அவர் கானைப் பார்க்கத்தான் வந்தார், சாப்பிட அல்ல. பின்பக்கம் போய்க் குழாயோரம் குந்திக்கொண்டார். முதல் பந்தி முடிந்து சஹன்கள் குசினிக்கு வந்தன. ராத்தா சோற்றை எடுத்தார், துடைத்தார், கழுவினார். நான் கானையே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் ஒரு சொட்டும் நிற்காமல் இறங்கிப் போனது.

கடைசிப் பந்திக்கு மாப்பிள்ளையின் வாப்பாவும் ராத்தாவின் புருஷன் ஹமீட் நானாவும் உட்கார்ந்தார்கள். நானா திடீரென்று எழும்பிப் பின்பக்கம் வந்தார்.

"தம்பி, கையக் கழுவிட்டு வாங்க."

"நான் பொறகு..."

"எங்கட சஹன்ல அஞ்சு பேர்தான். நீங்க வராம நான் கை வைக்கமாட்டேன்."

திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மாப்பிள்ளையின் வாப்பா முழங்காலை ஒதுக்கி இடம் விட்டார். இவர் உட்கார்ந்ததும் ஒரு பெரிய இறைச்சித் துண்டைப் பிய்த்து இவர் பக்கம் தள்ளினார். யாரும் எழும்பிப் போகவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, பெருமையில்தான்.

அந்தச் சஹன் குசினிக்கு வந்தபோது, கோழிக்கு எடுத்துவைக்க அதில் ஒரு பருக்கையும் மிஞ்சியிருக்கவில்லை.