எஸ்டிமேட் அக்கா

மொத்தத் தொகையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டுதான் அக்கா எஸ்டிமேட்டை வாசிக்க ஆரம்பிப்பார். "தொகையப் பாத்துட்டா மனசு அதுக்குத் தோதா காரணம் தேட ஆரம்பிச்சிடும்" என்பார். மேலிருந்து ஒவ்வொரு வரியாக இறங்கும்போது உதடு அசையும். பிடிக்காத வரி வந்தால் "ஹும்" என்று ஒரு சத்தம். அந்த "ஹும்"முக்குப் பயந்தே இந்தப் பக்கத்துக் கொத்தனார்கள் பலர் இரண்டாம் தடவை கூட்டிப் பார்க்கிறார்கள்.

சிமெண்ட், பெயிண்ட், குழாய் விற்கும் கடையில் இருபத்தாறு வருடம் பில் போட்டவர். வேலையை விட்ட பிறகு காலை நீட்டி உட்காரலாம் என்றுதான் இருந்தார், தெரு விடவில்லை. யார் வீட்டுக் கூரை ஒழுகினாலும், பழுது பார்க்க வந்தவர் கேட்கும் தொகை நியாயம்தானா என்று தெரிந்துகொள்ளக் காகிதமும் கையுமாக அக்கா வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். காசு வாங்குவதில்லை. ஆனால் கேள்வி கேட்டே ஆளை ஒரு வழி பண்ணிவிடுவார். "ஒழுகுறது எந்த மூலையில? மழை பெய்யும்போதா, விட்ட பிறகா? வந்தவர் மேல ஏறிப் பாத்தாரா, கீழ நின்னே தலைய ஆட்டிட்டுப் போனாரா?"

நேரில் போய்ப் பார்ப்பது இன்னும் வேடிக்கை. செருப்பைக் கழற்றிவிட்டு மொட்டைமாடியில் வெறுங்காலோடு நடப்பார். பூச்சு விட்டுப்போன இடம் பாதத்துக்குத் தெரிந்துவிடுமாம். சந்தேகம் வந்தால் ஒரு நாணயத்தால் தரையைத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்பார். "கூரைக்கு ஜுரம் பாக்கக் கிளம்பிட்டா" என்று அவர் கணவர் கிண்டல் செய்வார். அக்கா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதே இல்லை.

போன வாரம் எதிர்வீட்டுத் தையல்காரம்மா முகமெல்லாம் பல்லாக வந்தார். மூன்று பேர் எஸ்டிமேட் கொடுத்ததில் ஒருவருடையது மட்டும் ஏகத்துக்குக் குறைவு. மகள் கைக்குழந்தையோடு வர இன்னும் பத்தே நாள். ஒழுகுவதோ சரியாக அவர்கள் படுக்கப்போகும் கட்டிலுக்கு மேலே. கையிலிருப்பதை வைத்தே வேலை முடிந்துவிடும் என்ற சந்தோஷத்தில், "இவருக்கே குடுத்திடட்டுமா அக்கா?" என்றார்.

மூன்றாவது வரியிலேயே "ஹும்" வந்துவிட்டது.

"நானூத்தி இருபது சதுர அடின்னு போட்டிருக்காரே. உன் வீட்டுத் தரைக்கு டைல்ஸ் பில் போட்டதே நான்தான்டி. நானூத்தி இருபது வீட்டுக்குள்ள. மேல அதைவிட அதிகமா வருமே. கூப்பிடு அவர."

கொத்தனார் வந்தார். பதினைந்து வருடம் இன்னொருவரிடம் வேலை பார்த்துவிட்டு, சொந்தமாகப் பிடித்த முதல் வேலை இது. "அன்னைக்கு மழை கொட்டு கொட்டுன்னு கொட்டிச்சுக்கா. மேல ஏற முடியல, ரூமுக்குள்ளயே டேப் பிடிச்சிட்டேன்" என்று தலையைச் சொறிந்தார். மூவரும் மாடிக்கு ஏறினார்கள். சுவரின் தடிமன், வெளியே நீட்டிக்கொண்டிருந்த பகுதி, கைப்பிடிச்சுவரில் ஒரு அடி உயரத்துக்கு ஏற்றிப் பூச வேண்டிய பூச்சு, எதுவுமே கணக்கில் இல்லை. அக்கா அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினார். தொகை கிடுகிடுவென்று ஏறியது.

தையல்காரம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. "எனக்காகப் பாருங்கன்னுதானே காட்டினேன். நீங்க அவருக்காகப் பாக்குறீங்க."

"உனக்காகத்தான் பாக்குறேன். கட்டுப்படியாகலன்னா மூணு கை பூசுற இடத்துல ரெண்டு கை பூசுவாங்க. அடுத்த மழைக்குப் பேத்தி தலையில சொட்டும்."

"நான் அப்படிச் செய்ய மாட்டேன்கா" என்றார் கொத்தனார், ரோஷத்தோடு.

"மாட்டீங்க தம்பி. கைக்காசப் போட்டு முடிச்சுக் குடுப்பீங்க. அதுவும் நியாயம் இல்லையே."

தையல்காரம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவது அக்காவுக்குத் தெரிந்தது. பதினொரு வருடப் பழக்கம். ஒருநாளும் முகம் திருப்பியதில்லை. அதற்காக, போட்ட கணக்கை மாற்றவும் மனம் வரவில்லை. காகிதத்தை மடியில் விரித்து, மறுபடி முதல் வரியிலிருந்து வாசித்தார். 'பழைய பூச்சைக் கொத்தி எடுக்க, இரண்டு ஆள், இரண்டு நாள்' என்ற வரியில் பேனா நின்றது. அந்த வரியை நீளமாக அடித்தார். இப்போது கூட்டியபோது, தையல்காரம்மாவிடம் இருந்த பணத்துக்குள் தொகை வந்துவிட்டது.

"ஐயோ, அதை அடிச்சிட்டா எப்படிக்கா? கொத்தாம மேல பூச முடியாது. அந்த வேலைய யாரு செய்யுறது?" என்று பதறினார் கொத்தனார்.

அக்கா எழுந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தையல்காரம்மாவின் கையில் திணித்தார். கொத்தனாரின் பையிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு போய், கட்டிலுக்கு நேர் மேலே இருந்த மூலையில் சிரமப்பட்டு முழங்காலை மடக்கி உட்கார்ந்து, முதல் அடியை அடித்தார்.