ஈரத்துணியில் வைத்த பொட்டு

எண்பதுகளின் தொடக்கத்தில் மறைமலை நகர்ப் பக்கம் ஒரு மின்கருவித் தொழிற்சாலையில் சோதனை அறை என் பொறுப்பில் இருந்தது. அங்கே பீரோ உயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி புதிதாக வந்தது. கதவைச் சாத்திவிட்டால் ராஜஸ்தான் வெயிலையோ அசாம் மழைக்காலப் புழுக்கத்தையோ உள்ளே வரவழைக்கலாம். கருவிகள் அதைத் தாங்குகின்றனவா என்று மூன்று நாள் பார்ப்போம். உள்ளே ஒரு தெர்மாமீட்டரின் நுனியில் ஈரத்துணி சுற்றியிருக்கும்; அதன் மறுமுனை தண்ணீர்க் குப்பியில் கிடக்கும். காற்றில் ஈரம் எவ்வளவு என்று பெட்டிக்குச் சொல்வது அந்தத் துணிதான். காற்றில் ஈரம் குறைந்தால் துணியின் தண்ணீர் ஆவியாகி நுனி குளிரும், உடனே பெட்டி நீராவி விடும்.

பெட்டி வந்த மாதமே எனக்கு உதவியாக ஒருவர் சேர்ந்தார். பென்னலூர்க்காரர், மாதா கோயில் குடும்பம், இரண்டு குழந்தைகள். ஆறு மாதம் கழித்து நான் எழுதிக் கொடுப்பதை வைத்துத்தான் அவருக்கு வேலை நிரந்தரமாகும்.

வெள்ளிக்கிழமை புதுச் சோதனை தொடங்கும்முன் பூசை போடுவேன். கதவுக்கு ஒரு பொட்டு, பெட்டியின் உயிரே அதுதான் என்று அந்த ஈரத்துணிக்கும் சந்தனத்தைக் குழைத்து ஒரு பொட்டு.

முதல் வாரமே அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அண்ணே, கதவோட நிறுத்திக்கலாமே. துணியில வாணாம்ணே."

"எங்க சாமிக்குப் பொட்டு வச்சா உனக்கு இன்னாத்துக்கு எரியுது?"

 அதற்குப் பிறகு நான் டீ குடித்துவிட்டு வரும்போதெல்லாம் துணியில் பொட்டு இருக்காது, வெள்ளைவெளேரென்று புதுத்துணி இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருநாள் அறைக் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். பெட்டிக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தார்.

"உள்ள இன்னா பண்ணிக்கினு கீறே?"

"சும்மாண்ணே. துணி பார்த்தேன்."

சும்மாவாம்! காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். அவர் குனிந்தால் சந்தேகம், நிமிர்ந்தால் சந்தேகம். ஆறாவது மாதம் மேனேஜர் கேட்டபோது, 'நம்பகமானவர் அல்ல' என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாளே அவரை நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த வெள்ளி வைத்த பொட்டு அப்படியே இருந்தது. திருப்தியோடு கதவைச் சாத்தினேன். திங்கட்கிழமை திறந்தபோது உள்ளே அசாமும் இல்லை, மழையும் இல்லை. எங்கள் ஊர்ச் சித்திரை மாதம் இருந்தது. சந்தனம் இறுகி, துணியில் தண்ணீர் ஏறாமல் காய்ந்து கிடந்தது. நுனி குளிராததால், ஈரம் போதும் என்று பெட்டி ஏமாந்து, நீராவி விடுவதையே நிறுத்தியிருந்தது.

ஆறு மாதமும் அந்த மனிதர் என் தப்பைத்தான் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். காய்ந்த துணியைப் பார்த்தார். "போறப்போ அந்த ஆளு ஏதோ பண்ணிட்டுப் போயிருக்கான். நீங்க எழுதிக் குடுத்தது சரிதான்" என்றார்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.