குழாய் உள்ளதும் குழாய் இல்லாததும்

என் மனைவிக்குச் சர்க்கரை நோய் கண்டபோது எங்கள் இளைய பிள்ளை தாய்ப்பால் மறந்திருக்கவில்லை. வயது ஏறிய பின் வந்து மாத்திரைக்கு அடங்குகிற வகையன்று அது. அவளுடைய கணையம் இன்சுலின் சுரப்பதை அறவே நிறுத்திவிட்டது என்று சேலத்து மருத்துவர் சொன்னார். நாளொன்றுக்கு நான்கு முறை ஊசி போட்டாக வேண்டும். ஊசி முனையைக் கண்ணால் கண்டாலே அவளுக்குத் தலை சுற்றும். ஆகையால், பழகும்வரை முதல் வாரம் மட்டும் நான் போடுவது என்று முடிவாயிற்று. அந்த முதல் வாரம் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நீண்டது.

ராசிபுரத்தில் நான் லாரி உதிரிபாகக் கடை நடத்திவந்தேன். மதியம் கடையைப் பாதி சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து, ஊசி போட்டு, கால் மணி நேரம் பொறுத்திருந்து, அவள் உண்டு முடித்ததைப் பார்த்த பின்னரே திரும்புவேன். திருமணங்களுக்குச் சென்றால் பந்திக்கு முன் மண்டபத்தில் ஒதுக்குப்புறமான ஓர் அறையைத் தேடுவோம். இதை நான் சுமையாகக் கருதியதில்லை. காலையில் பல் துலக்குவது போல அதுவும் நாளின் ஒரு பகுதியாக இருந்தது.

ஊசியைவிட அச்சம் தந்தது சர்க்கரை திடீரென்று இறங்குவதுதான். வியர்வை, நடுக்கம் முதலிய முன்னறிவிப்புகள் காலப்போக்கில் அவளை விட்டு விலகிவிட்டன. அவளுக்குத் தெரிவதற்கு முன் எனக்குத் தெரிந்துவிடும். எங்கள் பக்கத்து வழக்கப்படி அவள் என்னோடு 'ங்க' சேர்க்காமல் பேசுவது அரிது; 'நீ' என்று அழைப்பதே இல்லை. சர்க்கரை இறங்கினால் மட்டும் அந்த மரியாதை முதலில் உதிரும். ஒருமுறை விருந்தினர் முன்னிலையில், "நீ செத்த சும்மா இரு" என்று என்னை அதட்டினாள். விருந்தினர் திகைத்து என் முகத்தைப் பார்த்தார். நானோ சர்க்கரைத் தண்ணீர் கலக்க எழுந்து சென்றேன்.

இவ்வாறு காலம் சென்று, நான் கடையை விட்டு ஓய்ந்த பின், மேட்டூரில் வாழ்க்கைப்பட்டிருந்த எங்கள் மகள் இரண்டாம் முறை கருவுற்றாள். வண்டியில் பயணம் கூடாது, படுக்கையில் ஓய்வாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு மருத்துவர் சொல்லிவிட்டார். ஆகவே அவளை இங்கே அழைத்துவர வழியில்லை. மூத்த குழந்தைக்கு அங்கே பள்ளிக்கூடம். மாப்பிள்ளைக்கு அனல்மின் நிலையத்தில் ஷிப்டு வேலை. மாமியாரும் உயிரோடு இல்லை. தாய் சென்று உடனிருப்பதைத் தவிர வேறு ஏற்பாடு கிடையாது. பிரசவத்துக்கு முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று மாதங்களேனும் ஆகும்.

"நான் போறனுங்க" என்றாள் மனைவி. ஊசியை யார் போடுவது என்று கேட்டேன். அவள் ஊசிப் பெட்டியை எடுத்து அலமாரியில் வைத்தாள். அப்படியானால் நானும் உடன் வருகிறேன் என்றேன். பெண் கொடுத்த வீட்டில் தகப்பன் ஓரிரு நாட்கள் தங்கலாம். மாதக்கணக்கில் தங்குவது எங்களில் வழக்கமில்லை. அதிலும் அவர்களுக்கு அளிக்கப்பட்ட குடியிருப்பில் அறைகள் இரண்டே.

"மாமனாரு முன்னால உக்காந்திருந்தா, மாப்ள துண்டக் கட்டிக்கிட்டு எப்படிங்க நடமாடுவாரு?" என்று கேட்டாள்.

அடுத்த முறை சேலம் சென்றபோது மருத்துவரிடம் இதையெல்லாம் எடுத்துரைத்தோம். பம்ப் வைத்துக்கொள்ளலாமே என்றார் அவர். நாள் முழுவதும் இன்சுலினைச் சிறிது சிறிதாகச் செலுத்திக்கொண்டிருக்கும் ஒரு கருவி அது. உணவுக்கு முன் பொத்தானை அழுத்தி அதற்குரிய அளவைச் சேர்க்க வேண்டும். கையில் ஒட்டிக்கொள்ளும் ஒரு சென்சார் சர்க்கரையை ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். இறங்கத் தொடங்கினால் பம்ப் தானே மருந்தை நிறுத்தி ஒலியும் எழுப்பும். இதில் இரண்டு வகை உண்டு என்று மேசைமீது எடுத்து வைத்தார். ஒன்று இடுப்பில் செருகிக்கொள்வது. அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வயிற்றில் பொருத்திய சிறு பட்டைக்குச் செல்லும். மற்றதற்குக் குழாயே இல்லை. மருந்தைத் தன்னுள்ளேயே வைத்துக்கொண்டு கையிலோ வயிற்றிலோ அட்டைப்பூச்சியைப் போல ஒட்டிக்கொள்ளும். மூன்று நாட்களுக்கு ஒருமுறை முழுவதையும் எடுத்தெறிந்துவிட்டு வேறொன்றை ஒட்ட வேண்டும். அதை இயக்குவதற்கு ஒரு ரிமோட் தனியாக இருந்தது.

செலவை மகன் ஏற்றுக்கொண்டான். அதைப் பற்றி இங்கே எழுதப் புகவில்லை. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதே எங்கள் முன் நின்ற கேள்வி. உள்ளே வெறும் உப்புநீரை நிரப்பி, ஒவ்வொன்றையும் சில நாட்கள் அணிந்து பார்க்குமாறும், அதுவரை வழக்கமான ஊசியைத் தொடருமாறும் மருத்துவர் பணித்தார்.

என் மனம் அந்த அறையிலேயே குழாய் இல்லாததன் பக்கம் சாய்ந்துவிட்டது. காரணம் என் தொழில். பிரேக் ஓஸ், டீசல் ஓஸ், ரேடியேட்டர் ஓஸ் என்று வாழ்நாளெல்லாம் குழாய்களையே விற்றவன் நான். குழாய் மடங்கும், உரசித் தேயும், வெடிக்கும். டீசல் குழாயில் காற்று புகுந்து நடுச்சாலையில் நின்றுபோன லாரிகளின் ஓட்டுநர்கள் எத்தனையோ பேர் என் கடைவாசலில் வந்து நின்றிருக்கிறார்கள். உயிரைக் காக்கும் மருந்தை அத்தகைய ஒன்றின் வழியே அனுப்புவதா என்று எண்ணினேன்.

ஆகவே முதலில் குழாய் இல்லாததை அவளுடைய மேற்கையில் ஒட்டினோம். ரிமோட் என் சட்டைப் பையில் இருந்தது. அவள் அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருக்க, கூடத்திலிருந்தபடியே நான் பொத்தானை அழுத்தினேன். அவள் கையிலிருந்து மெல்லிய ஒலி கேட்டது. ஊசி முனை இல்லை. சேலையை விலக்க வேண்டியதில்லை. இதைவிட நாகரிகமான ஏற்பாடு உண்டோ என்று எனக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை அவள் வழக்கம்போல எண்ணெய் தேய்த்துக் குளித்தாள். வெளியே வந்தவள் கூந்தலைத் துவட்டியவாறே, "உங்க டப்பா கழண்டுக்கிச்சுங்க. சோப்பு டப்பா மேல வெச்சிருக்கறன், போயி எடுத்துக்கங்க" என்றாள். அது உண்மையான மருந்தாக இருந்திருந்தால் உள்ளே இருந்ததெல்லாம் அதனுடனேயே வீணாகியிருக்கும். நான் மருத்துவமனைச் செவிலியரைத் தொலைபேசியில் அழைத்தேன். எண்ணெய் பட்டால் குழாய்ப் பம்பின் பட்டையும் அவ்வாறே கழன்றுவிடும் என்றும், எண்ணெய்க் குளியலைப் பட்டை மாற்றும் நாளில் வைத்துக்கொள்ளுமாறும் அவர் சொன்னார். கேட்டு நான் நிம்மதியடைந்தேன். என் கட்சி தோற்கவில்லை.

பின்னர் குழாய் உள்ளதன் முறை வந்தது. பம்பை அவள் சேலைக்கொசுவத்துக்குப் பக்கத்தில், சில்லறைப் பணப்பை செருகும் இடத்தில் செருகிக்கொண்டாள். முதல் நாளே, எருமைக்குத் தண்ணீர் வைக்கச் சென்றவிடத்தில் குழாய் வாளிப் பிடியில் சிக்கிப் பட்டை பிய்ந்து வந்துவிட்டது. நான் எதிர்பார்த்தது இதைத்தான். குழாயின் தன்மையை விளக்கிச் சொல்லத் தொடங்கினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு உள்ளே சென்றாள். நெடுநேரம் வரவில்லை. கதவைத் தட்டினேன்.

"என்ன பண்றே புள்ள?"

"வேற ஒண்ண மாட்டறன். நீங்க வர வேண்டாமுங்க."

திரும்பி வந்தபோது புதிய பட்டை அவள் வயிற்றில் இருந்தது. முகம் வெளுத்து, மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது. அதைப் பொருத்தும் கருவியில் ஊசி முனை கண்ணுக்குத் தெரியாதாம். வைத்து அழுத்தினால் போதுமாம். எனினும் உள்ளே முனை இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். குழாயை ரவிக்கைக்குள்ளும் சேலைக்குள்ளுமாக விட்டு, வெளியே ஒரு விரற்கடையளவுகூட நீட்டாதபடி அவளே வகைசெய்துகொண்டாள். பிறகு அது எங்கும் சிக்கவில்லை.

மறுநாள் குழாயினுள் காற்றுக் குமிழி ஒன்று நிற்பதை நான் கண்டேன். எனக்கு லாரி நினைவு வந்துவிட்டது. அவளோ பதறவில்லை. செவிலியர் காட்டியிருந்தபடி முதலில் குழாயை உடம்பிலிருந்து கழற்றினாள். பொத்தானை அழுத்தி, குழாய் முனையில் துளி வரும்வரை பொறுத்திருந்து, குமிழியை வெளியேற்றிவிட்டு மறுபடியும் மாட்டிக்கொண்டாள். "கண்ணுக்குத் தெரியறதால தானுங்க தள்ள முடிஞ்சுது" என்று மட்டும் சொன்னாள்.

மருத்துவரிடம் விடை சொல்ல வேண்டிய நாளின் காலையில் நான் என் வாதங்களை வரிசையாக எடுத்துரைத்தேன். குழாய் இல்லாதது இலேசானது; குளிக்கையில் கழற்ற வேண்டியதில்லை; சிக்காது. அவள் வெண்டைக்காய் அரிந்துகொண்டே கேட்டாள். பிறகு தலை நிமிராமல் வினவினாள்.

"அந்த ரிமோட்டு இத்தன நாளும் யாரு கையில இருந்துச்சுங்க?"

"எங்கிட்டத்தான்."

"நான் மேட்டூருக்குப் போனா?"

"உங்கிட்டக் குடுத்துருவன்."

"நீங்க மூக்குக் கண்ணாடியவே தெனமும் ஊடு பூராத் தேடறீங்க. கைப்புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு நான் ரிமோட்ட எங்கீன்னு போயித் தேடறது? இதுன்னா எல்லாமே இடுப்புல கெடக்குது. தடவிப் பாத்தாலே எது எந்தப் பொத்தான்னு தெரியுது." சிறிது நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "நீங்க நெம்ப நாளு போட்டு உட்டுட்டீங்க, மாமா. இனி நான் பாத்துக்கறன்."

ரிமோட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, திருப்பிக் கொடுக்க வேண்டிய பெட்டிக்குள் வைத்தேன்.

குழாய் உள்ளதையே வாங்கினோம். உண்மையான மருந்தோடு சில வாரங்கள் மருத்துவரின் மேற்பார்வையில் இருந்து பழகினாள். இருமுறை சென்சார் ஒலித்தது. இருமுறையும் எனக்கு முன்னால் அவளுக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. அதன்பின் மகன் அவளைக் காரில் மேட்டூருக்கு அழைத்துச் சென்றான். நான் எருமையோடும் செய்தித்தாளோடும் வீட்டில் இருந்தேன்.

பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். அவர்கள் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய சில நாட்களில் ஒருநாள் மதியம் மகளைத் தொலைபேசியில் அழைத்து, அம்மா எங்கே என்று கேட்டேன்.

"பாப்பாவக் கால்ல போட்டுத் தண்ணி ஊத்தறாங்கப்பா. பம்பக் கழட்டி சன்னல்ல வெச்சிருக்காங்க."

கழற்றிய பம்பை நெடுநேரம் விட்டுவைக்கலாகாது. மறந்துவிட்டால் சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். எப்போது கழற்றினாள், யாராவது நினைவூட்டுவார்களா என்றெல்லாம் அடுக்கினேன். மகள் சிரித்தாள். குழந்தையின் அழுகையும் தண்ணீர் விழும் ஓசையும் கேட்டன; பின்பு தண்ணீர் ஓசை நின்றது. சற்று நேரத்துக்கெல்லாம் மனைவியின் குரல் வந்தது.

"மாட்டியாச்சுங்க. நூத்தி முப்பது காட்டுது. நீங்க இன்னும் சாப்பிடலீங்களா?"

சாப்பிடவில்லைதான். சோறும் குழம்பும் ஆக்கி வைத்துவிட்டு, ஊசி போட்டபின் அவளோடு பொறுத்திருக்கும் அந்தக் கால் மணி நேரத்தை, போடுவதற்கு ஊசியே இல்லாத வீட்டில் நான் மட்டும் பொறுத்துக்கொண்டிருந்தேன். இதோ உண்ணப் போகிறேன் என்று சொல்லி, தட்டை எடுத்து வைத்தேன்.