தீராத வெந்நீர்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்த பிறகு, எங்கள் வீட்டில் பொழுது விடிவதே ஹீட்டர் சுவிட்சில்தான். மலேசியாவில், கிள்ளானில் எங்களுடையது பழைய தரைவீடு. குளியலறையின் சிலிங்குக்கு மேலே, ஆள் படுத்திருப்பதைப் போல ஒரு பெரிய டேங்க் கிடந்தது. எழுந்ததும் சுவிட்சைத் தட்டிவிட்டு, அந்த டேங்க் முழுவதும் சூடேறக் காத்திருக்க வேண்டும். தட்ட மறந்தால் அன்றைக்கு அவருக்குக் குளியல் இல்லை. நான் ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். நெரிசல் தொடங்குமுன் காரை எடுத்தாக வேண்டும்.

அவர் லோரி ஓட்டியவர், கனத்த உடம்பு. இடது கையும் காலும் சொன்னபடி கேட்பதில்லை. அவரைப் பிடித்து நடத்தி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துக் குளிப்பாட்டுவேன். குழாயைத் திறந்தால் முதலில் தோல் உரிகிற சூட்டில் தண்ணீர் வரும். இடது பக்கம் அவருக்குச் சூடு உறைக்காது. அதனால் பச்சைத்தண்ணீரைக் கலந்து, என் முழங்கையில் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் அவர் மேல் ஊற்றுவேன். தலையில் சோப்பு நுரை இருக்கும்போதே டேங்கில் வெந்நீர் தீர்ந்துவிடும்.

“சில்லுனு இருக்கு” என்று உடம்பைக் குறுக்கிக்கொள்வார்.

“கொஞ்சம் பொறுங்க, முடிஞ்சிருச்சி.”

அதற்குப் பிறகு நான் குளிப்பது பச்சைத்தண்ணீரில்.

“இன்ஸ்டன்ட் ஹீட்டர் போட்டுரலாங்க. டேங்கே வேணாம், சின்னதா சுவத்துல மாட்டிக்கலாம்” என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

“அதெல்லாம் வாடகை ரூமுக்குப் போடுறது. நல்லா இருக்கறத எதுக்குக் கழட்டற?”

அவர் பந்திங் பக்கம் எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டத்தில், வெந்நீர்க் குழாயே இல்லாத வீட்டில் பிறந்தவர். அந்த டேங்க், வீடு வாங்கிய கையோடு அவரே கடைக்குப் போய்ப் பார்த்து வாங்கியது. எதிர்த்துப் பேசும் தெம்பு எனக்கும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தண்ணீர் தடை முடிந்து குழாயில் செந்நிறத் தண்ணீர் வந்து, பிறகு தெளிந்திருந்தது. அவர் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து பழுப்பாக ஒரு சொட்டு அவர் தோளில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். சிலிங் வயிறு உப்பினாற்போலத் தொங்கிக்கொண்டிருந்தது. அவரைத் தூக்க நேரமில்லை, தூக்கவும் முடியாது. அப்படியே அவர் மேல் கவிழ்ந்துகொண்டேன். ஊறிப்போன சிலிங் பலகை என் முதுகில் விழுந்தது. கூடவே துருவும் பாதி ஆறியிருந்த வெந்நீரும் கொட்டின.

எழுந்து ஓடிப்போய் சுவிட்சை அணைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். அவர் வலது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“ஒனக்கு அடிபட்டுச்சா?”

“இல்லங்க.”

“பொய் சொல்லாத. அடிபட்டுச்சா?”

அந்தக் குப்பைக்குள்ளேயே, ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் மேலே அந்த ஓட்டையை நிமிர்ந்து பார்த்தார்.

“மாத்திரு. எது போடணுமோ போடு” என்றார்.

சுங்கை பூலோவிலிருந்து தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஒருவர் வந்தார். டேங்கை இறக்கிக் காட்டினார். அடிப்பக்கம் துருவேறி விரல் நுழைகிற அளவுக்கு அரித்திருந்தது. புதுசுக்குத் தனியாக வயர் இழுக்க வேண்டும், பழைய வயர் தாங்காது என்றார்.

“இதுவும் பாதியில ஆறிடுமா?” என்று கேட்டேன். எனக்குத் தெரியவேண்டியது அது ஒன்றுதான்.

“ஆறாதுக்கா. இது தண்ணிய சேத்து வைக்கிறதில்ல. தொறந்தா அப்பவே சூடாக்கிக் குடுக்கும், மூடுனா கரன்ட்டும் நின்னுரும். தொறந்து வச்சிருக்கற வரைக்கும் சூடா வரும் லா.”

ஹாலில் உட்கார்ந்திருந்த என் கணவர் அங்கிருந்தே கேட்டார். “தம்பி, நான் ஒக்காந்துக்கிட்டே எட்டுற மாதிரி மாட்ட முடியுமா?”

“ரொம்பக் கீழ மாட்டக்கூடாதுண்ணே, தண்ணி தெறிக்கும். கைய நீட்டுனா எட்டுற மாதிரி வைக்கிறேன்.”

அவர் எதற்காக அதைக் கேட்கிறார் என்று நான் அன்றைக்கு யோசிக்கவில்லை. சூடு மிதமாக இருக்கும்படி பார்த்து, திருகு நகராமல் இருக்க அதன்மேல் டேப் ஒட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அன்று மாலை அவரைக் குளிப்பாட்டி முடித்துவிட்டு நானும் குளிக்கப் போனேன். தலையில் விழுந்தது வெந்நீர். தீரும் தீரும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். விரல் நுனிகள் சுருங்கும் வரை தீரவில்லை. அழுகை வரும் என்று நினைத்தேன். கொட்டாவிதான் வந்தது.

சில வாரங்கள் கழித்து ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பையைப் போட்டுவிட்டு ஓடினேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையில் ஷவரைப் பிடித்து இடது தோளில் ஊற்றிக்கொண்டிருந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டே தனியாக வந்திருக்கிறார், சட்டையை மட்டும் முழுதாகக் கழற்ற முடியாமல் போயிருக்கிறது. ஒரு கை சட்டைக்குள்ளேயே இருந்தது, சொட்டச் சொட்ட நனைந்து.

“வுழுந்தா யாரு தூக்கறது? என் முதுகு என்ன இரும்பா?” என்று கத்தினேன்.

“வுழல லா. கதவ சாத்து, காத்து வருது.”

சாத்தினேன். ஆனால் அங்கிருந்து நகரவில்லை. ஆபீஸ் உடுப்போடு கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, உள்ளே தண்ணீர் விழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் நான் வீட்டுக்கு வந்த பிறகுதான் அவர் குளிக்க வேண்டும் என்பது என் கட்டளை. காலையில் சுவிட்ச் வேலை இல்லை. அந்த நேரத்தையும் தூங்கிக் கழிக்கிறேன். கரன்ட் பில்லும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. களைப்பு போய்விட்டதா என்றால், இல்லை. அவர் சட்டையைக் கழற்றிவிட வேண்டும். கை எட்டாத முதுகைத் தேய்த்துவிட வேண்டும். அதற்கு மட்டும் உள்ளேயிருந்து கூப்பிடுவார்.

“இருங்க, வரேன்” என்பேன். முன்பு போல ஓடுவதில்லை. தண்ணீர் ஆறிவிடாது.