ஆட்டுக்குட்டிக்கு அன்னாசி, எனக்கு?

போன மாதம் எனக்கு ஓர் ஆட்டுக்குட்டி மேல் பொறாமை வந்தது. சிரிக்காதீர்கள்... முழுசாகக் கேளுங்கள்.

என் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இரண்டு செம்மறிக் குட்டிகளை வாங்கி வந்தார். நன்னிலத்தில் எங்கள் வீட்டைச் சுற்றிக் குறுவை நடவு. அவிழ்த்துவிட்டால் அடுத்தவர் வயலில்தான் வாய் வைக்கும். அதனால் கொட்டிலிலேயே தீவனம். அதற்காக மனிதர் ஊரையே சலித்துவிட்டார். பருப்பு மில்லில் உளுந்துப் பொட்டு, ரைஸ் மில்லில் தவிடு, ஜூஸ் கடையில் அன்னாசித் தோல் — மற்றவர்கள் கழித்துப் போடுவதெல்லாம் எங்கள் வீட்டில் விருந்து!

ஒருநாள் ஸ்கூட்டரில் வாளி நிறைய அன்னாசித் தோலோடு வந்து இறங்கினார். வாசனை ஆளைத் தூக்கியது.

"பழம் எங்கேங்க?"

"பழத்தைத்தான் ஜூஸ் போட்டுட்டாங்களே!"

"எனக்கு ஒரு ஜூஸ் வாங்கணும்னு தோணலையா?"

"உனக்குத்தான் சுகர் இருக்கே."

சொல்லிவிட்டு, தோலைப் பொடிப்பொடியாக நறுக்க உட்கார்ந்துவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்காக ஒரு வெங்காயம் நறுக்கியிருப்பாரா?

சின்னக் குட்டி ஒரு வாய் மிச்சம் வைத்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும். "ஏன்டி செல்லம், வயிறு சரியில்லையா?" அந்த வாரம் முழுக்க நான் தொண்டை வலியோடு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். அது தெரிந்ததா? ம்ஹும்!

இதற்கிடையே குத்தாலத்தில் அவருடைய அக்காவுக்குக் காலில் ஆபரேஷன். துணைக்குக் கிளம்பினார். வாசல்வரை எனக்குப் பாடம்தான்.

"தோலை ஒரேயடியாப் போட்டுடாத, வயிறு உப்பிக்கும். பொட்டு, தவிடு, வைக்கோலோட கொஞ்சமாக் கலந்து வை."

அப்படியே வைத்தேன். பெரியது தின்றது. சின்னது வாசலையே பார்த்துக்கொண்டு நின்றது. மத்தியானமும் தொடவில்லை.

"அவர்தான் வேணுமா உனக்கு? எனக்கும்தான் வேணும். வந்து தின்னு!" என்று அதட்டினேன். அசைந்தால்தானே?

சாயங்காலம் போன் வந்தது.

"சின்னது சாப்பிட்டுச்சா?"

"இல்லைங்க."

"ஐயோ! டாக்டரைக் கூப்பிட்டியா?"

"நானும்தான் காலையிலேருந்து சாப்பிடலை!" கத்தியேவிட்டேன்.

அவர் குரல் தணிந்தது. "நீ ஏன்மா சாப்பிடலை?"

"அது பட்டினி கிடக்கறப்ப எனக்கு எப்படிங்க இறங்கும்?"

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. என்ன சொல்கிறேன் நான்... யாருக்காகப் பட்டினி கிடக்கிறேன்?

போனை வைத்துவிட்டுக் கொட்டிலுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தேன். ஒரு கைப்பிடி பொட்டை அள்ளி நீட்டினேன். ரொம்ப நேரம் முகர்ந்தது. அப்புறம் நக்கியது. சொரசொரவென்று வெதுவெதுப்பான நாக்கு. கை காலியானதும் என் முகத்தைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தது பாருங்கள் — இன்னொரு பிடி அள்ளினேன். அதற்குப் பிறகு தினமும் என் கையில்தான் சாப்பாடு.

அக்கா நடக்க ஆரம்பித்ததும் கணவர் திரும்பி வந்தார். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "செல்லம்!" என்று கேட்டிலிருந்தே குரல்.

சின்னது தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்து என் முந்தானையைக் கடிக்க ஆரம்பித்தது.

அவர் முகம் சுண்டிப்போனது. "நான் இல்லாதப்ப என்னத்தைக் குடுத்து மயக்கின?"

"அதே பொட்டுங்க. அதே தவிடு."

அன்று அவர் பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டார். நான் கவனித்தேன்.

பொறாமைக்கு இவ்வளவு ருசி இருக்கிறதா! — அடுத்தவர் படும்போது மட்டும்.